நான்கு பந்துகளும் எழுதப்படாத பெயரும்

ஏட்டைப் பிடித்தவன் உயர்ந்தவன், ஏரைப் பிடித்தவன் தாழ்ந்தவன். பேனாவைப் பிடித்தவன் பெரியவன், உளியைப் பிடித்தவன் சிறியவன் – இப்படி ஒரு கணக்கை உலகம் நெடுங்காலமாகப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் யார்? பேனாவைப் பிடித்தவர்கள்தான்! தீர்ப்பு எழுதும் உரிமை தம்மிடம் இருந்ததால், தீர்ப்பைத் தமக்குச் சாதகமாகவே எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். சாதாரணமானவர் அல்லர், ஆங்கில உரைநடையின் பேராசான்களுள் ஒருவர் என இன்றளவும் போற்றப்படுபவர். தரையில் அமர்ந்து பித்தளைப் பந்துகளை வீசிப் பிடித்த ஒரு வித்தைக்காரரைக் கண்டார். கண்டதும் தன்னையே நொந்துகொண்டார். "இவன் செய்வதுபோல் குறையின்றிச் செய்ய எனக்கு ஏதேனும் ஒன்று தெரியுமா?" என்னும் பொருள்பட வினவிக்கொண்டார். தெரியாது என்று தாமே விடையும் எழுதினார். அவர் வில்லியம் ஹாஸ்லிட். அந்தக் கட்டுரையின் தலைப்பு 'இந்திய வித்தைக்காரர்கள்'. 1821இல் வெளியான 'டேபிள் டாக்' என்னும் கட்டுரைத் தொகுப்பில் அது இடம்பெற்றது.

இருநூறு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்போர் பாராட்டிப் படித்துவரும் அந்தக் கட்டுரையை நாமும் படிக்க வேண்டும். பாராட்ட வேண்டிய இடத்தில் மனமாரப் பாராட்ட வேண்டும். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் தயங்காமல் கேட்கவும் வேண்டும். ஏனெனில், அந்தக் கட்டுரையில் வரும் வித்தைக்காரர் நம் வீட்டுப் பிள்ளை!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன பொருள்கள் பல. பருத்தி போயிற்று, அவுரி போயிற்று, மிளகு போயிற்று. அவற்றோடு மனிதர்களும் போயினர். 1813ஆம் ஆண்டளவில், இலண்டன் மாநகரின் பால்மால் தெருவில், கப்பல் தலைவர் ஒருவர் கொண்டுவந்து இறக்கிய இந்திய வித்தைக்காரர்களின் காட்சி நடந்தது. பிரபுக்கள் வண்டிகளில் வந்து கண்டுகளித்தனர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சர்க்கஸ் என்றால் பெரும்பாலும் குதிரை விளையாட்டுதான். பிலிப் ஆஸ்ட்லி 1768இல் இலண்டனில் தொடங்கி வைத்த வட்டரங்கம் அது. பந்துகளைச் சுழலவிடும் கலையைத் தொழிலாகக் கொண்டு, நாடக அரங்கிலும் பூங்காக் காட்சியிலும் தனி ஆளாக நின்று பெயர் பெற்றவர் என்று மேலை நாட்டு வித்தை வரலாற்றில் முன்னணியில் வைத்து எண்ணப்படுபவர், நம்மவரான 'ராமோ சாமி'.

ராமோ சாமி! ஆங்கிலேயர் நாவில் சிதைந்த பெயர். ராமசாமி என்று திருத்திப் படிக்க நமக்கு ஒரு நொடி போதும். அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். 1819இல் அங்கே காட்சி நடத்தினார். மீண்டும் இலண்டனுக்கு வந்து நாடக மன்றங்களிலும், வாக்ஸ்ஹால் பூங்காவிலும் ஆண்டுக்கணக்கில் வித்தை காட்டினார். பந்துகளை வீசினார். கை விரல்களிலும் கால் விரல்களிலும் வளையங்கள் சுழல, வாய்க்குள்ளேயே மணிகளைக் கோத்து எடுத்தார். வாளை விழுங்கினார். ஆங்கிலப் பெண் ஒருவரை மணந்து, அந்த நகரிலேயே குடும்பம் நடத்தினார். ஹாஸ்லிட் கண்டு வியந்த வித்தைக்காரர் இவரே என்று பலரும் கொள்கின்றனர்.

இனி, கட்டுரைக்கு வருவோம்.

வெள்ளை உடை, இறுகக் கட்டிய தலைப்பாகை. வித்தைக்காரர் தரையில் அமர்கிறார். முதலில் இரண்டு பந்துகள். அதை எவரும் செய்யலாம். பிறகு மூன்று, முடிவில் நான்கு. கோள்கள் தம் பாதையில் சுழல்வதுபோல் அவை அவரைச் சுற்றிச் சுழல்கின்றன. அவர் முகத்திலோ எந்தச் சிரமத்தின் சாயலும் இல்லை. இமைப்பொழுது தவறினால், இம்மியளவு பிசகினால், எல்லாம் சரிந்துவிடும். ஆனால் சரியவில்லை. இந்தக் காட்சியை ஹாஸ்லிட் தீட்டியிருக்கும் திறம் சொல்லில் அடங்காது. கண்டதைச் சொல்கிறார், கண்டபோது தன் உள்ளத்தில் எழுந்ததையும் மறைக்காமல் சொல்கிறார்.

எழுந்தது என்ன? வெட்கம்! 'நானும் இத்தனை ஆண்டுகள் எழுதினேன். என் கட்டுரைகளைப் பார்க்கிறேன். எத்தனைப் பிழைகள், எத்தனை ஒட்டுப்போட்ட வாதங்கள், எத்தனைக் கோணல் முடிவுகள்! இவருடைய பந்து ஒன்றேனும் கீழே விழவில்லையே!' என்று குமைகிறார்.

வியப்பு எவர்க்கும் வரும். அந்த வியப்பிலிருந்து ஒரு கொள்கையைக் கறந்தெடுத்தாரே, அதுதான் ஹாஸ்லிட்டின் சிறப்பு. பந்து வித்தைக்கு ஒரு சோதனை உண்டு. அந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது. பந்து கையில் இருக்கிறது, அல்லது தரையில் கிடக்கிறது. மூன்றாவது நிலை இல்லை! சாட்சி தேவையில்லை, சிபாரிசு தேவையில்லை, புகழ்மாலை தேவையில்லை. கயிற்றின்மேல் நடப்பவருக்கும் அப்படியே. தவறினால் அந்தக் கணமே தண்டனை. ஆனால் எழுத்தாளன் தவறினால்? ஓவியன் தவறினால்? கண்டுபிடிக்க ஆளில்லை, கண்டுபிடித்தாலும் கழுத்து முறிவதில்லை. தாம் இளமையில் ஓர் ஓவியத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்த நாட்களில், கயிற்று நடனக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்ததும், தம் ஓவியத்தின் மேலிருந்த பெருமை கரைந்துபோனதை ஹாஸ்லிட் நினைவுகூர்கிறார். தாம் தூரிகையில் செய்த அளவு பிழையை அவர் காலடியில் செய்திருந்தால், அந்த மனிதர் உயிரோடு இறங்கியிருக்க மாட்டார் என்று எண்ணிப் பார்த்தாராம்.

இந்த உரைகல்லை நாமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், தோழர்களே! மேடையிலே ஒருவர் முழங்குகிறார். மோனை மோனையாகக் கொட்டுகிறார். அடுக்குமொழி அருவியாகப் பாய்கிறது. கைதட்டல் காதைப் பிளக்கிறது. கூட்டம் கலைந்த பின் ஒரு கணம் நின்று கேட்டுப் பாருங்கள்: எத்தனைக் கருத்துகளை வீசினார்? அவற்றுள் எத்தனையைத் திரும்பக் கையில் பிடித்தார்? தொடங்கிய வாதம் முடிந்ததா? எழுப்பிய கேள்விக்கு விடை வந்ததா? வீசிய பந்துகள் எல்லாம் தரையில் சிதறிக்கிடக்க, வீசிய வேகத்தையே வித்தை என்று நாம் பாராட்டிவிட்டு வருகிறோமா? பகுத்தறிவு பேசுவோர் இந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்பதற்கு முன்னால் தம்மிடம் கேட்டாக வேண்டும். சொல்லின் ஒலி கருத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், புராணிகர் கதாகாலட்சேபத்துக்கும் நம் சொற்பொழிவுக்கும் என்ன வேறுபாடு?

இதே இடத்தில் நம் மொழியில் படிந்துள்ள ஓர் அநீதியையும் சுட்டிக்காட்டியாக வேண்டும். ஏமாற்று வேலையைக் குறிக்க நாம் ஆளும் சொற்கள் என்னென்ன? 'செப்படி வித்தை', 'கண்கட்டு வித்தை', 'மோடி வித்தை'. அரசியலில் புரட்டு நடந்தால் 'செப்படி வித்தை காட்டுகிறார்' என்கிறோம். கலைஞனைத் தாழ்த்த 'கூத்தாடி' என்கிறோம். எண்ணிப் பாருங்கள். செப்பை மூடிக் காசை மறைப்பவர்கூட, 'இது வித்தை' என்று சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். பந்து வீசுபவரோ எதையும் மறைப்பதேயில்லை. பட்டப்பகலில், நாற்புறமும் மக்கள் சூழ, கண்முன்னே நிகழ்வது அது. மந்திரம் இல்லை, மாயம் இல்லை, திரை இல்லை. காற்றிலிருந்து திருநீறு வரவழைப்பதாகச் சொல்லித் தட்டில் காணிக்கை வாங்குகிறவருக்குப் பல்லக்கு; கையின் பயிற்சியால் காற்றில் பந்தை நிறுத்துபவருக்கு வசைச்சொல்! மொழியே இப்படிச் சார்ந்து நிற்கிறது என்றால், சார்பு எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்க வேண்டும்!

ஹாஸ்லிட்டைப் பாராட்டியாயிற்று. இனிக் கேள்விகள்.

முதல் கேள்வி: அந்த வித்தைக்காரரின் பெயர் என்ன?

கட்டுரை முழுவதும் தேடினாலும் கிடைக்காது. 'இந்திய வித்தைக்காரர்களின் தலைவர்' என்கிறார், 'இந்திய வித்தைக்காரர்' என்கிறார், அவ்வளவுதான். பெயர் தெரிந்துகொள்ள இயலாத ஒன்றா? அந்நாளைய நாடக அறிவிப்புத் தாள்களில் அச்சாகித் தெருவெங்கும் தொங்கிய பெயர் அது. ஊரே அறிந்த பெயர். எவ்வளவு அறிந்த பெயர் என்பதற்கு ஒரு சான்று: பின்னாளில் நாவலாசிரியர் தாக்கரே, போலிப் பெருமைக்காரர்களை எள்ளி எழுதிய கட்டுரைகளில், கத்தியை வாய்க்குள் விட்டு உண்ணும் ஒரு சீமாட்டியைக் கிண்டல் செய்ய, 'ராமோ சாமி'யைத்தான் உவமை காட்டினார். படிப்போருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த பெயர் என்பதால்தானே அந்த உவமை? கேலி செய்ய வந்தவர் பெயரைச் சொன்னார். போற்ற வந்தவர் பெயரை விட்டார்!

போகட்டும், ஹாஸ்லிட்டுக்குப் பெயர் எழுதும் வழக்கமே இல்லையோ என்று எண்ணினால், அதே கட்டுரையின் கடைசிப் பகுதி நம்மை மடக்குகிறது. அங்கே ஜான் கவனா என்பவரின் மறைவுக்கு ஓர் இரங்கலுரை வருகிறது; 'எக்சாமினர்' இதழில் 1819இல் முதலில் வெளிவந்தது அது. கவனா யார்? பிரபுவா? படைத்தலைவரா? இல்லை. வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசிப் பிழைத்த அயர்லாந்துத் தொழிலாளி. சுவரில் பந்தைக் கையால் அடித்து ஆடும் 'பைவ்ஸ்' ஆட்டத்தில் நிகரற்றவர். அந்தத் தொழிலாளிக்கு ஹாஸ்லிட் எழுப்பியிருக்கும் எழுத்துக் கோயில் எவ்வளவு அழகானது! எந்த இடத்தில் ஆடினார், எப்படி அடித்தார், யாரை வென்றார், அவர் அடித்த பந்தின் ஓசையைச் சுவருக்கு அப்பாலிருந்த சமையற்காரர்கள் எப்படி அடையாளம் கண்டனர் என்பது வரை எழுதி, அந்த அடியின் நேர்த்தியைப் பெருங்கவிஞர்களின் எழுத்தோடும் நாடாளுமன்றப் பேச்சோடும் ஒப்பிட்டு, பின்னவற்றைக் குறைசொல்லவும் துணிகிறார்.

ஆக, உழைப்பாளியை உயர்த்தும் உள்ளம் அவருக்கு இருந்தது. அவர் மன்னராட்சியை வெறுத்தவர். பிரெஞ்சுப் புரட்சியை இறுதிவரை கைவிடாதவர். 1830இல் வறுமையிலேயே இறந்தவர். அப்படிப்பட்டவரின் பேனா, ஐரிஷ் தொழிலாளிக்குப் பெயரும் ஊரும் வாழ்வும் சாவும் தந்தது. இந்தியத் தொழிலாளிக்குத் தலைப்பாகை மட்டும் தந்தது. முன்னவர் ஒரு மனிதர். பின்னவர் ஒரு காட்சி. பிற்போக்காளர் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நாம் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. முற்போக்காளரின் கண்ணிலேயே இந்தப் புரை இருந்தது என்பதுதான் நமக்குப் பாடம். நல்லெண்ணம் இருந்தால் போதும், பார்வை தானே நேராகிவிடும் என்று நம்பியிருப்போர் இதனை உற்றுநோக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நான்கு பந்துகளை வீசும் திறன் எங்கிருந்து வருகிறது?

ஹாஸ்லிட்டின் விடை இது: நம்மில் எவரும் வாழ்நாள் முழுவதும் முயன்றாலும் முடியாது, பச்சிளம் பருவம் தொட்டு உடலையும் உள்ளத்தையும் அதற்கென்றே வளைத்தவர்க்கே கைகூடும். உழைப்பின் அருமையை உணர்த்தவே அப்படிச் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால், சொன்னது சரியா?

சரியல்ல என்று அறிவியல் மெய்ப்பித்துவிட்டது. பந்து வித்தைக்குக் கணக்கு உண்டு. செய்தித்தொடர்புக் கோட்பாட்டை 1948இல் உலகுக்கு அளித்த கிளாடு ஷானன் என்னும் அமெரிக்கப் பேரறிஞர், 1980களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு சமன்பாடே எழுதினார். பந்து காற்றில் இருக்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிக் கைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கை வெறுமையாக இருக்கும் நேரத்தையும் பந்து கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிப் பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இரண்டு விடையும் ஒன்றாகவே இருக்கும்! பந்து கூடினால், ஒன்று கை விரைய வேண்டும், அல்லது பந்து உயர வேண்டும். கையிலிருந்து 1 மீட்டர் உயரம் சென்ற பந்து திரும்பக் கைக்கு வர ஏறத்தாழ 0.9 நொடி ஆகும். அந்த நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் உயரம் இரட்டித்தால் போதாது. நான்கு மடங்காக, 4 மீட்டராக, உயர வேண்டும். உயரம் கூடக்கூட, வீசும் கோணத்தில் நேரும் சிறு பிழையும் பந்தை வெகு தொலைவில் கொண்டுபோய்த் தள்ளும். வித்தையின் கடினம் எங்கே இருக்கிறதென்று இப்போது விளங்குகிறதல்லவா? அது மந்திரத்தில் இல்லை. நேரத்திலும் கோணத்திலும் இருக்கிறது.

ஹாஸ்லிட்டை மலைக்க வைத்த நான்கு பந்துகளையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறையில், பந்துகள் கைமாறுவதேயில்லை! வலக்கை இரண்டு பந்துகளைத் தனியே சுழற்றுகிறது. இடக்கை வேறு இரண்டைத் தனியே சுழற்றுகிறது. இரண்டும் மாறிமாறி எழுவதால், பார்ப்போர் கண்ணுக்கு நான்கும் ஒரே வளையமாகத் தோன்றுகின்றன. ஒற்றைக் கையில் இரண்டைக் கற்றவர், மற்றக் கையிலும் கற்றால், நான்குக்கு அருகே வந்துவிட்டார். இன்று எத்தனையோ நாடுகளில், கல்லூரி மாணவரும் அலுவலகம் செல்வோரும் மாலை நேரப் பொழுதுபோக்காகச் சில மாதங்களில் இதனைக் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1975 முதல் இதற்கென்றே ஒரு மன்றம் நடந்துவருகிறது.

மூளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004இல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் 24 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுள் பாதிப் பேருக்கு மூன்று பந்து வித்தையை மூன்று மாதம் பழக்கினர். பழகியோர் மூளையில், அசைவைக் கண்டறியும் பகுதி பருத்திருந்தது. பயிற்சியை நிறுத்தியதும் அந்த வளர்ச்சி குறையத் தொடங்கியது. பிறப்பிலேயே எழுதி வைத்ததாயின், மூன்று மாதத்தில் எப்படி வளரும்? நிறுத்தியதும் எப்படிக் குறையும்?

இதனை நாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? 'இன்னாருக்கு இந்தத் தொழில் இரத்தத்திலேயே ஊறியது' என்னும் வாக்கியம், பாராட்டுப்போல் ஒலிக்கும் விலங்கு! 'குயவர் மகனுக்குச் சக்கரம் தானே வரும்; கழைக்கூத்தாடி மகளுக்குக் கயிறு தானே வரும்' என்று புகழ்ந்துகொண்டே, பள்ளிக் கதவைச் சாத்தியவர்களை நாம் அறிவோம். 1953இல் சென்னை மாகாணத்தில், அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் வந்ததும், மக்கள் எதிர்ப்பால் 1954இல் அது கைவிடப்பட்டதும் நாடறிந்த வரலாறு. பந்து வித்தை சொல்லும் உண்மையோ நேர்மாறானது: பழகியவர் எவர்க்கும் வரும், பழகாதவர் எக்குலத்தவராயினும் வராது. ராமசாமியின் கையில் இருந்தது குலம் அல்ல. ஆயிரமாயிரம் முறை கீழே விழுந்த பந்தைக் குனிந்து எடுத்த உழைப்பு. அந்த உழைப்பைப் 'பிறவி வரம்' என்று சொல்வது, அவரிடமிருந்து அதனைப் பறிப்பதாகும்.

மூன்றாவது கேள்வி: எது பெருமை?

ஹாஸ்லிட் பந்து வித்தையை வியந்தபின், அதற்கு ஓர் எல்லைக்கோடும் கிழிக்கிறார். செய்ததும் முடிந்துபோகும் செயல் பெருமை ஆகாது என்கிறார். சதுரங்க வல்லுநர் பெரிய மனிதர் அல்லர். அவர் உலகை எப்படிக் கண்டாரோ அப்படியே விட்டுச் செல்கிறார். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பெரிய மனிதர்; அவர் செயலின் பயன் பிறரிடம் தங்கியது. இது மறுக்க எளிதான கருத்து அல்ல, மறுக்கவும் வேண்டியதில்லை. மக்களுக்குப் பயன் தருவதே பெருமை என்பது நமக்கும் உடன்பாடே.

ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செயல் தங்குவதும் தங்காததும் செய்தவரைப் பொறுத்தது மட்டுமன்று. எழுதி வைப்பவரையும் பொறுத்தது. ஹன்டரின் பணியை எழுதி வைக்கக் கல்விக் கழகங்கள் இருந்தன. ராமசாமியின் பணியை எழுதி வைக்க யார் இருந்தார்கள்? ஒரே ஓர் எழுத்தாளர் எழுதினார். அவரும் பெயரை விட்டுவிட்டார்! பதிவேட்டைத் தம் கையில் வைத்துக்கொண்டு, 'உன் பெயர் பதிவேட்டில் இல்லை, ஆகவே நீ பெரியவன் அல்லன்' என்று சொல்வது என்ன நீதி? இன்னும் ஒன்று: அந்த நான்கு பந்துகள் எழவில்லையென்றால் ஹாஸ்லிட்டின் கட்டுரையும் எழுந்திராது. ஒருவரின் செயல் மற்றொருவரின் உள்ளத்தில் புகுந்து, அவரைத் தம் தொழிலையே மறுபரிசீலனை செய்ய வைத்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நம்மையும் பேச வைக்கிறது. விளைவு என்பது வேறென்ன?

வாள் விழுங்குவதைப் பற்றி ஹாஸ்லிட் எழுதியிருப்பது ஒரே வரி: அதைக் காவல் துறையினர் தலையிட்டுத் தடுக்க வேண்டும். மனிதநேயம்தான். ஆனால், பந்தை இவ்வளவு நேர்த்தியாக வீசத் தெரிந்தவர் வாளை ஏன் விழுங்குகிறார் என்று அவர் கேட்கவில்லை. திறமைக்கு ஒரு கூலி, ஆபத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம் என்பது காட்சிச் சந்தையின் விதி. கூட்டம் கேட்டதைக் கொடுத்தால்தான் அடுப்பெரியும்.

அந்த அடுப்பும் எத்தனை நாள் எரிந்தது? வயது ஏறியது. புதுமை போயிற்று. 1850இல் ராமசாமி இலண்டனில் இறந்தபோது, அடக்கம் செய்யவும் வீட்டில் பணம் இல்லை. அவருடைய மனைவி பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. ஒரு தலைமுறை முழுவதும் ஒரு மாநகரை மகிழ்வித்தவரின் இறுதிக் கணக்கு அது.

பின்னாளில் வந்த மற்றொருவரை ஒப்பிட்டுப் பாருங்கள். என்ரிகோ ரஸ்தெல்லி: இத்தாலியச் சர்க்கஸ் குடும்பத்தவர், 1896இல் ருஷ்ய நாட்டுச் சமாரா நகரில் பிறந்தவர், பத்துப் பந்துகள் வரை வீசியவர் எனப் புகழ்பெற்றவர். முப்பத்தைந்து வயது நிறைவதற்குள், 1931இல் பெர்கமோ நகரில் மறைந்தார். அவர் கல்லறையில் பந்தோடு நிற்கும் சிலை உண்டு. அதைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை. கலைஞனுக்குக் கிடைத்த சிறப்பு அது. ஆனால், கலை ஒன்றாயிருக்க, ஒருவருக்குச் சிலையும் ஒருவருக்குப் பிணப்பெட்டிக்குப் பிச்சையும் என்று பகுத்தது எது? நூறாண்டுக் கால இடைவெளி மட்டும்தானா? நிறமும் நாடும் அல்லவா?

வெள்ளையரைக் குறைசொல்லி முடித்துவிட்டால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். நம் இல்லத்தையும் பார்ப்போம். இந்தக் கலை நமக்குப் புதிதன்று. நற்றிணையின் 95ஆம் பாட்டில், பல இசைக்கருவிகள் முழங்க ஆடுமகள் ஒருத்தி நடந்த கயிறு வருகிறது; அவள் இறங்கிப்போன பின் அதில் குரங்குக் குட்டி ஏறி ஆட, மலைவாழ் மக்களின் சிறுவர்கள் தாளம் கொட்டுகின்றனர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில், அம்மனைக் காய்களை வீசிப் பிடித்துப் பாடும் பாட்டும், பந்தாடிப் பாடும் பாட்டும் உண்டு. பாடிய புலவர் பெயர் நமக்குத் தெரியும். கயிற்றில் நடந்த ஆடுமகளின் பெயர்? தெரியாது! ஹாஸ்லிட் செய்ததை நாம் அவருக்கு முன்பே செய்துவிட்டோம்.

பெயரை மறந்ததோடு நின்றதா? இலண்டன் அரங்கு கைதட்டிய அதே கலையைக் கொண்டு ஊர் ஊராய்ப் பிழைத்தவர்களை, ஆங்கில அரசு இங்கே எப்படி நடத்தியது? 1871இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அலைந்து திரிவதே ஐயத்துக்கு இடமாயிற்று. காவல் நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதி வேண்டும். ஊர் ஊராகப் போவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதன் பொருள் என்ன? பட்டினி! சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. இன்று தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலைப் புரட்டினால், கழைக்கூத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த தொம்பரின் பெயர் அதில் காணப்படும். கலைஞரின் பெயரை எழுத மறந்த பேனா, குற்றப் பதிவேட்டில் எழுத மட்டும் மறக்கவில்லை.

சர்க்கஸ் கூடாரத்துக்குள்ளும் இருள் இருந்தது. 'பச்சிளம் பருவம் தொட்டு வளைக்க வேண்டும்' என்று ஹாஸ்லிட் வியப்போடு எழுதியது, குழந்தைகளின் உடலில் என்னவாயிற்று என்பதை நம் நாட்டு நீதிமன்றம் விசாரிக்க வேண்டி வந்தது. நேபாளம் முதலிய இடங்களிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரப்பட்டுச் சர்க்கஸில் வேலை வாங்கப்பட்ட வழக்கில், 2011இல் உச்சநீதிமன்றம், சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்ய ஆணை பிறப்பிக்குமாறு நடுவண் அரசுக்குக் கட்டளையிட்டது. கலையை வளர்ப்பது வேறு. கலையின் பெயரால் குழந்தையை ஒடிப்பது வேறு. விரும்பி வந்த இளைஞர் சில மாதங்களில் கற்கக்கூடியதைப் பிடித்து வந்த குழந்தைக்கு அடித்துப் புகட்டத் தேவையில்லை என்பதையும் அந்த நான்கு பந்துகளின் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஆகவே, இளைஞர்களே! ஹாஸ்லிட்டின் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். உழைப்பாளியின் முன் எழுத்தாளன் தலைதாழ்த்திய அந்தப் பக்கங்களுக்காகப் படியுங்கள். உங்கள் எழுத்தையும் பேச்சையும் உரசிப் பார்க்க அவர் தந்த உரைகல்லுக்காகப் படியுங்கள். படித்து முடித்ததும், ஓரத்தில் ராமசாமி என்று அந்தப் பெயரை உங்கள் கையால் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை உங்கள் ஊர்த் திடலில் பறை ஒலி கேட்டால், கழை நட்டுக் கயிறு கட்டினால், கூடாரம் எழுந்தால், போய்ப் பாருங்கள். காசு போடுவதோடு நின்றுவிடாதீர்கள். 'ஏ கூத்தாடி' என்று அழைப்பவரைத் திருத்துங்கள். ஆடியவரின் அருகே சென்று, 'உங்கள் பெயர் என்ன? உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்?' என்று கேளுங்கள். பள்ளியில் இல்லையென்றால், சேர்க்கும் வரை ஓயாதீர்கள்.